மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்

இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு கோப்பு நிலுவையில் கிடந்தது. பொருள்: என் சைக்கிளை மாற்றுவதா, வேண்டாமா. முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்து எத்தனையோ கோப்புகளுக்குக் குறிப்பு எழுதி மேலே அனுப்பியவன் நான். என் சொந்தக் கோப்புக்கு மட்டும் குறிப்பு எழுத வரவில்லை. போன வாரம்தான் முடிவுக்கு வந்தது. என் வயதுக்காரர்கள் சிலருக்கு உபயோகப்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் ஓட்டிக்கொண்டிருந்தது மலைச் சைக்கிள். இளம்பிள்ளைகள் எம்.டி.பி. என்கிறார்கள். பிரெஞ்சில் அதற்கு வே.தே.தே. என்று பெயர், எந்தத் தரையிலும் ஓடும் சைக்கிள் என்று அர்த்தம். பேரன் மேல்படிப்புக்குப் போனபோது வீட்டில் விட்டுப் போனது. தாழ்வாரத்தில் சும்மா நிற்கிறதே என்று எடுத்தேன். என் பழைய சைக்கிள் அப்போது ரிம் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. "தாத்தா கியர் சைக்கிள் ஓட்டுறார்" என்று தெருப் பிள்ளைகள் சொன்னது காதுக்கு இனிமையாக இருந்ததையும் மறைக்கவில்லை. மூன்று வருடம் அதில்தான் மார்க்கெட், ரோமேன் ரோலான் நூலகம், மருந்துக்கடை, கடற்கரை எல்லாம்.

மார்கழி மாதம் ஒரு காலை, முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம், அந்தச் சைக்கிளோடு விழுந்தேன். வேகமாகப் போய் விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கௌரவம் இருக்கும். நான் விழுந்தது நின்றுகொண்டிருந்தபோது. முன்னால் ஒரு ஆட்டோ நின்றது, நானும் நின்றேன். இடது காலைத் தரையில் ஊன்றப் போனேன். தரை நான் நினைத்த இடத்தில் இல்லை. இரண்டு அங்குலம் கீழே இருந்தது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த காய்கறிப் பை அந்தப் பக்கமே சாய்ந்தது. பையோடு நானும், எங்கள் மேல் சைக்கிளும். அவசரத்துக்கு வலது காலைத் தூக்கிப் பாரைத் தாண்டி இறங்கவும் முடியவில்லை. முழங்கை சிராய்ப்பு, மூக்குக்கண்ணாடியில் ஒரு காம்பு உடைந்தது, முருங்கைக்காய் நடுரோட்டில். ஒரு பையன் ஓடி வந்து தூக்கிவிட்டு, "தாத்தா, இந்தச் சைக்கிள் உங்களுக்குப் பெருசு" என்றான். முழங்கையைவிட அந்த வார்த்தைதான் அதிக நாள் வலித்தது.

வீட்டில் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மனைவி சைக்கிளைப் பூட்டிச் சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஏங்க, எழுபத்து நாலு வயசுல இது தேவையா?" மகன் போனில், "அப்பா, வித்துடுங்க. ஆட்டோவுல போங்க, நான் மாசாமாசம் காசு அனுப்புறேன்" என்றான். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆட்டோவில் போகிறவன் போகும் இடத்துக்கு மட்டும்தான் போகிறான். சைக்கிளில் போகிறவன் வழியில் நான்கு பேரைப் பார்க்கிறான், மீன் என்ன விலை என்று கேட்கிறான், பென்ஷன் பாக்கி வந்ததா என்று விசாரிக்கிறான். அந்த இருபது நாள் சாவி இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான், சைக்கிள் எனக்கு வண்டி மட்டும் இல்லை என்று புரிந்தது. இன்னொருவரைக் கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அது.

திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் விழுந்தது வயதாலா, சைக்கிளாலா? இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எல்லோரும் வயதின் மேல் பழி போடுகிறார்கள். நான் சைக்கிளை விசாரிக்க ஆரம்பித்தேன்.

இந்த மலைச் சைக்கிள் பிறந்த கதை சுவாரசியமானது. 1970களில் கலிபோர்னியாவில் மரின் என்ற பகுதியில், சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக் கொண்டுபோய், மண்பாதையில் உருட்டிக்கொண்டு இறங்கிப் பந்தயம் விட்டார்கள். ஒரு இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துப் பின்சக்கர அச்சிலிருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சி போன்றவர்கள் அந்த விளையாட்டுக்கென்றே சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். 1981இல் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்பனைக்கும் வந்துவிட்டது.

ஆக, அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு மலைக் காரணம் இருக்கிறது. பெடல் பாறையில் இடிக்கக்கூடாது என்று நடு அச்சை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதனால் சீட்டும் உயர்கிறது; தரை இரண்டு அங்குலம் கீழே போகிறது. நான் விழுந்த காரணம் அதுதான்! கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் மண்ணைப் பிடிக்க. தார் ரோட்டில் அது வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு நம் காலின் பலத்தைத் தின்கிறது. முன்னால் ஸ்பிரிங் வைத்த ஷாக் அப்சர்பர், கல்லில் குதிக்க. சமதரையில் எழுந்து மிதித்தால் அது மேலும் கீழும் ஆடி, மிதிக்கும் வேகத்தில் பாதியை வாங்கிக்கொள்வதுபோல் இருக்கும். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, ஆக 21 கியர். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஒரே கியர் போதும். மட்கார்டு கிடையாது, மழை பெய்தால் முதுகில் சேற்றுக் கோடு. கேரியர் கிடையாது, பை ஹேண்டில்பாரில். எடைக்கு எடை வாங்கும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன்: 17 கிலோ.

நம் ஊரில் மலை எங்கே இருக்கிறது? கோரிமேட்டுப் பக்கம் செம்மண் மேடு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'சிவப்பு மலைகள்' என்று பெயர் சூட்டி வரைபடத்தில் போட்டார்கள். உயரம் சுமார் 30 மீட்டர். அதை மலை என்று ஒத்துக்கொண்டாலும், ஜிப்மருக்கு மாத்திரை வாங்கப் போகும் நாளைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை. மற்றபடி நம் டவுன், மேசைமேல் கட்டம் போட்ட நோட்டுத்தாளை விரித்த மாதிரி. நேர்நேரான வீதி, தட்டையான தரை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழாய் போடத் தோண்டி, சரியாக மூடாமல் விட்ட தெருக்களில் அந்தத் தடித்த டயர் காப்பாற்றியிருக்கிறது. மழைக்காலத்துக்குப் பிறகு சில தெருக்கள் கலிபோர்னியாதான். ஆகவே மலைச் சைக்கிள் கெட்டது என்று சொல்லவில்லை. பேரனுக்கு அது பொருத்தமான சைக்கிள். எனக்கு அது பேரனுடைய சட்டை.

இனி மாற்று வழிகள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலாவது, இருப்பதையே திருத்துவது. எங்கள் சைக்கிள் கடை பாய், தகப்பனார் காலத்திலிருந்து எனக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், "ஐயா, புதுசு எதுக்கு? வழவழன்னு ஒன்றரை இஞ்சு டயர் போட்டுத் தர்றேன், கேரியர், மட்கார்டு மாட்டிடலாம், ஹேண்டிலை மேல தூக்கிடலாம்" என்றார். கூலியோடு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகும். உங்களில் யாரிடமாவது இந்த வகைச் சைக்கிள் இருந்து, கால் சுலபமாகத் தரையில் எட்டுகிறது என்றால், இதுதான் நல்ல வழி. டயரை மாற்றினாலே பாதி சைக்கிள் மாறிவிடும். ஆனால் நடு அச்சின் உயரத்தையும், தாண்ட வேண்டிய பாரையும் பாயால் மாற்ற முடியாது.

இரண்டாவது, நம் பழைய கறுப்புச் சைக்கிள். 28 அங்குலச் சக்கரம், நிமிர்ந்த ஹேண்டில், வேட்டி மாட்டாமல் முழுசாக மூடிய செயின் கவர், கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு. நான் 1974இல் வாங்கிய முதல் சைக்கிள் அதுதான், அம்பத்தூரில் செய்த ஹெர்குலஸ். அரசாங்கத்தில் சைக்கிள் முன்பணம் கொடுத்த காலம் அது. குமாஸ்தாவுக்குச் சைக்கிள் அவசியம் என்று விதிப்புத்தகமே ஒத்துக்கொண்டிருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். பின்னாளில் அந்த மனுக்களை நானே பரிசீலித்திருக்கிறேன். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அந்த முன்பணத்தையே எடுத்துவிட்டார்கள். அன்று மனுவில் என்ன வகைச் சைக்கிள் என்ற கேள்வியே கிடையாது. கறுப்பா பச்சையா, பார் வைத்ததா வைக்காததா, அவ்வளவுதான்.

அதையே மறுபடி வாங்க எனக்கு ஆசை. கடையில் போய்த் தொட்டும் பார்த்தேன். இருபது கிலோவுக்கு மேல். வீட்டு வாசலில் மூன்று படி ஏற்ற வேண்டும். பாரோ மலைச் சைக்கிளைவிட உயரம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அந்தக் கம்பி பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். பழைய நினைவுக்காக ஒரு பாட்டுக் கேட்கலாம், சைக்கிள் வாங்கக்கூடாது.

மூன்றாவது, ஹைப்ரிட் என்கிறார்கள். பிரெஞ்சில் வே.தே.சே.; எந்தப் பாதையிலும் போகும் சைக்கிள். சக்கரம் பெரிது, டயர் மெலிது, எடை குறைவு, தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்கள் மலைச் சைக்கிளை விட்டுவிட்டு இதற்கு மாறலாம், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடைக்காரப் பையன் ஏறிப் பார்க்கச் சொன்னான். காலைத் தூக்கினேன். தூக்கிய உயரம் போதவில்லை. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்து மீதி உயரத்தைத் தூக்கினேன். பையன் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தான்.

நான்காவது, மகன் சமரசமாகச் சொன்ன மின்சார சைக்கிள். 250 வாட்டுக்குள் மோட்டாரும், 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகமும் இருந்தால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். லாசுப்பேட்டையிலிருந்து தினம் டவுனுக்கு வந்து போகிறவருக்கும், எதிர்க்காற்றில் மூச்சு வாங்குகிறவருக்கும் இது வரப்பிரசாதம். என் பிரச்சினை மிதிப்பது இல்லை. மிதிக்க எனக்கு இன்னும் முடிகிறது. ஏறவும் இறங்கவும்தான் முடியவில்லை. மோட்டார் அதற்கு உதவாது.

இங்கேதான் கோப்பு தெளிவானது. இத்தனை நாளும் எந்தச் சைக்கிள் நன்றாக ஓடும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடும்போது எல்லாச் சைக்கிளும் நன்றாகத்தான் ஓடுகின்றன. எனக்குத் தெரிந்து சைக்கிளை விட்டுவிட்ட மூன்று நண்பர்களும் ஓடும்போது விழவில்லை. ஒருவர் ஏறும்போது, இரண்டு பேர் இறங்கும்போது. ஒருவருக்கு இடுப்பு எலும்பு போய், அதோடு வாசல்படி தாண்டுவதும் நின்றுவிட்டது. ஆகவே எழுபதுக்கு மேல் கேட்க வேண்டிய கேள்வி, சட்டென்று எதில் இறங்க முடியும் என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில் ஐந்தாவது வகை. பார் இல்லாமல், நடுவில் தாழ வளைந்த சட்டம் வைத்தது. ஆம், நாம் 'லேடீஸ் சைக்கிள்' என்று சொல்வது.

மூன்று வாரம் அந்த வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டது. மனைவி சிரிப்பாளோ, மணிக்கூண்டு டீக்கடையில் என்ன சொல்வார்களோ என்று ஒரு கூச்சம். எழுபத்து நாலு வயதிலும் இந்தக் கூச்சம் போகவில்லையே என்று அதுவே ஒரு கூச்சம்.

விடுவித்தது ஒரு பழைய நினைவு. நான் பிரெஞ்சில் படித்த பள்ளியில் வயதான சாமியார் ஒருவர் இருந்தார். கணுக்கால் வரை வெள்ளை அங்கி. தினமும் பார் இல்லாத சைக்கிளில்தான் வருவார். அங்கி போட்டுக்கொண்டு பாரைத் தாண்ட முடியாது அல்லவா? பிரான்சிலும் அங்கி அணிந்த பாதிரிமார் அந்த மாதிரிச் சைக்கிளைத்தான் வைத்திருந்தார்கள். வாய்ப்பாடு தப்பினால் விரல் முட்டியில் அடிக்கும் அந்த மனிதரைப் பார்த்து, லேடீஸ் சைக்கிள் என்று சிரிக்க எங்களில் ஒருவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

அப்போதுதான் தோன்றியது. அந்தச் சட்டம் பலவீனமானவர்களுக்காக வந்தது அல்ல. நீள உடை உடுத்துகிறவர்களுக்காக வந்தது. ஐரோப்பாவில் கால்சட்டை போட்ட ஆண்களுக்குப் பார் வைத்த சைக்கிள், பாவாடை கட்டிய பெண்களுக்குப் பார் இல்லாத சைக்கிள். அதை அப்படியே நாமும் வாங்கிக்கொண்டோம். வேட்டி கட்டிய நம் தகப்பன்மார், கால்சட்டைக்காரனுக்குச் செய்த பாரின் மேல், ஒரு கையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல தலைமுறை ஏறி இறங்கினார்கள்! நியாயமாகப் பார்த்தால் நமக்கு முதல் நாளிலிருந்தே வந்திருக்க வேண்டியது தாழ்ந்த சட்டம்தான். நெதர்லாந்தில் வயதான ஆண்கள் இப்படிப்பட்ட சைக்கிளில் சாதாரணமாகப் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாயிடம் ஒரு சந்தேகம் கேட்டேன்: பார் இல்லாவிட்டால் பலம் குறையாதா? "குறையும்யா. முக்கோணமா இருந்தா உறுதி. அதனாலதான் மூட்டை ஏத்துறவன் பார் வண்டி வாங்குவான். நீங்க என்ன அரிசி மூட்டையா ஏத்தப் போறீங்க? கீரைக்கட்டுதானே?" என்றார். தீர்ந்தது.

6,200 ரூபாய்க்கு வாங்கினேன். கியர் கிடையாது. மட்கார்டு, செயின் கவர், முன்னால் கூடை, பின்னால் கேரியர். சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்துக்கொண்டேன். அப்படித் தாழ்த்தினால் மிதிக்கும்போது முட்டி சற்று அதிகம் மடங்கும். நீண்ட தூரத்துக்கு நல்லதல்ல. நான் போவது நாலு கிலோமீட்டர். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒன்று: நடக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் முட்டியில். சைக்கிளில் சீட்டு சுமக்கிறது. நடக்க முடியவில்லையே, சைக்கிள் எப்படி என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முயலுங்கள்.

பேரனுக்குப் போன் செய்து, உன் சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "அது எப்பவோ உங்களோடது ஆயிடுச்சு தாத்தா. ஆனா விழுந்ததை ஏன் எனக்குச் சொல்லல?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. விழுந்ததைச் சொன்னால் பூட்டிவிடுவார்களே என்ற பயத்தில்தான் நம்மில் பாதிப் பேர் சொல்வதில்லை. வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன்: அப்பா விழுந்தார் என்றால் உடனே சைக்கிளை விற்கச் சொல்லாதீர்கள். எப்படி விழுந்தார் என்று முதலில் கேளுங்கள். சைக்கிளை மாற்றினால் தீருகிற விஷயமாக இருக்கலாம். கண்ணோ, தலைசுற்றலோ காரணம் என்றால் அது வேறு. அப்போது நாமே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அந்த நாள் எனக்கும் வரும். தெரியும்.

ஏழெட்டு வயதில் தகப்பனார் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள் நாம். பாருக்கு மேல் கால் எட்டாததால், பாருக்கு அடியில் காலை விட்டு, உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு மிதித்தோம். அன்று அது யாருக்கும் அவமானமாகப் படவில்லை. எப்படியாவது ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். இன்று மறுபடி பாருக்கு மேல் கால் எட்டவில்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது.

முதல் நாள் மணிக்கூண்டு டீக்கடையில் நிறுத்தினேன். எதிர்பார்த்தபடி ஒருவர் கேட்டார், "என்ன முசே, மதாம் வண்டியா?" "ஆமாம், ஏறிப் பார்க்கிறீங்களா?" என்றேன். அவருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். சைக்கிளை விட்டு ஆறு வருடம் ஆகிறது. சிரித்துக்கொண்டே ஏறினார். அடுத்த முனை வரை போய்த் திரும்பி வந்து, அலுங்காமல் இறங்கினார். சிரிப்பு நின்றிருந்தது. டீயைக் குடித்து முடித்த பிறகு, மெல்லிய குரலில் விலை கேட்டார்.